கழுத்தறுப்பு

அமெரிக்காவில், பிளானோ என்ற ஊரில், அப்துல் கனியின் வீட்டில் செய்தி சொல்வது டி.வி.யின் வேலை, அதை நம்பாமல் இருப்பது கனியின் வேலை. இந்த இரண்டாவது வேலைக்குச் சம்பளமும் கிடையாது, விடுமுறையும் கிடையாது. பெருநாள் காலையில்கூட, தொழுகைக்குக் கிளம்பி அத்தர் பூசிக்கொண்டு நிற்கும் மனிதர், வானிலை சொல்லும் பெண்ணைப் பார்த்துவிட்டு, "மழை வராதுன்னு இவ சொல்லிட்டா. ஷரீபா, குடைய எடுத்துக்க" என்பார்.

ஷரீபா இருபத்தோரு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஷட்டவுன்னு கவர்ன்மென்ட்ட இழுத்து மூடிட்டாங்களாம். ஆனா டோல்வேல காசு புடிக்கற கேமரா மட்டும் லீவே எடுக்கல பாத்தியா?" என்பார் தோசையைப் பிய்த்தபடி. அதை அவள் விழுங்குவதற்குள், கருத்துக்கணிப்பு பற்றி அடுத்தது வரும். "நூத்துக்கு அம்பத்திரெண்டு பேரு அப்படித்தான் நெனைக்கிறாங்களாம். ஒன்னயக் கேட்டானா? என்னயக் கேட்டானா? பின்ன யாரத்தான் கேட்டான்?" டாரிஃப், அதாவது இறக்குமதி வரி பற்றிச் செய்தி வந்தால், "அத வெளிநாட்டுக்காரன் கட்டுவான்னாங்க. அது கப்பலேறி வந்து நம்ம பாசுமதி மூட்டைல உக்காந்திருக்கு" என்பார்.

அவருக்குக் கட்சி பேதம் கிடையாது. சிவப்புக் கட்சியைத் திட்டி முடித்த கையோடு நீலக் கட்சிக்கு வருவார். அதையும் முடித்துவிட்டு வீட்டு விவகாரத்துக்குள் நுழைவார். ஷரீபா ஆசைப்பட்டு ஏர் ஃப்ரையர் வாங்கியபோது, "வெறும் சூடான காத்துக்கு ஒரு டப்பாவா? அதத்தான் வாஷிங்டன்ல ஓசியிலயே குடுக்கறானுங்களே" என்று சொன்னவர், அன்று சாயந்திரமே அதில் சுட்ட சமோசாவில் ஆறு தின்றார்.

பேச்சு நீண்டால் ஷரீபா சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிடுவாள். காரில் என்றால் ஏசியைக் கூட்டிவிடுவாள். ஊதுகிற சத்தத்தில் கனியின் அரசியல் கரைந்து போகும். அதற்கெல்லாம் அவர் கோபித்துக்கொண்டதே இல்லை, குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்துவார்.

காயல்பட்டினத்தில் பிறந்து சென்னை மண்ணடியில் வளர்ந்தவர் கனி. இப்போது லெகசி என்ற பகுதியில் ஒரு பெரிய கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறார். அவரும் ஷரீபாவும் ஒரே நாளில்தான் சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணினார்கள். ஷரீபாவுடையது சட்டென்று முடிந்து, அவள் கை தூக்கி உறுதிமொழியும் எடுத்தாயிற்று. கனியின் ஃபைல் மட்டும் எங்கெங்கோ சுற்றிவிட்டு இப்போதுதான் கரை சேர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு இன்டர்வியூ.

இது வெறும் காகிதம் அல்ல. மண்ணடியில் கனியின் காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, பைபாஸ் நடந்து எட்டு மாதம் ஆகிறது. கனி போய்ப் பார்க்கவில்லை. கிரீன் கார்டு கையில் இருந்தும் திரும்பி வரும்போது ஏர்போர்ட்டில் பிடித்து நிறுத்துகிறார்கள் என்று டி.வி.யில் சொன்னதால் பயம். செய்தி எதையுமே நம்பாத மனிதர் இந்த ஒரு செய்தியை மட்டும் நம்பினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீடியோ காலில் காக்கா, "பாஸ்போர்ட்டு வந்திரிச்சாடா?" என்று கேட்பார். கனி ஜோக் அடித்துச் சமாளிப்பார். போனை வைத்ததும் கொல்லைப்புறம் போய்ப் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார். ஸ்ப்ரிங்க்ளர் தானாகவே பாய்ச்சும் என்பதை ஷரீபா அவருக்கு ஞாபகப்படுத்தியதில்லை.

இன்டர்வியூவுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் வந்தது வினை.

அவர்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத் தலைவர் பெயர் டென்னிஸ். மாநிலச் சட்டசபைக்கு அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறவர் என்பதால் எங்கே மைக் கிடைத்தாலும் விடமாட்டார். குடியிருப்புக்குள் பிக்கிள்பால் என்ற மட்டைப்பந்து ஆடுகிறவர்களின் டொக்கு டொக்குச் சத்தம் பற்றி, போன மாதம் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் நேரலையில் பேசினார். ஒரு மணி நாற்பது நிமிஷம். "கடைசியா ஒரே ஒரு விஷயம், நண்பர்களே" என்று அவர் ஒன்பது முறை சொன்னதாகக் கனி எண்ணி வைத்திருந்தார். "டென்னிஸ்னு பேர வச்சிக்கிட்டு இவன் எதுக்கு ஊறுகாய் பாலுக்கு அழுவறான்?" என்று ஷரீபாவிடம் கேட்டார். அதோடு விட்டிருக்கலாம். வீடியோவுக்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுதினார்: "யப்பா, என்னா கழுத்தறுப்பு! யாராவது இவன சீக்கிரம் முடிச்சி விடுங்கப்பா."

அந்தப் பக்கத்தில் தமிழ் தெரிந்தது இவர்கள் குடும்பத்துக்கு மட்டும்தான். பிறகு எதற்குத் தமிழில் எழுதினார் என்றால், அதுதான் கனி.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பள்ளியிலிருந்து வந்த மகள் ரிதா, புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் முன்னால் போனை நீட்டினாள். பதினேழு வயது. தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

"வாப்பா, டிட் யூ ரைட் திஸ்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"லுக் அட் த ட்ரான்ஸ்லேஷன்."

தமிழ் வரிக்கு அடியில் மொழிபெயர்ப்பு என்று ஒரு சின்ன பொத்தான் இருந்தது. ரிதா அதை அமுக்கி உரக்கப் படித்தாள். "வாவ், வாட் எ த்ரோட் கட்டிங்! சம்படி ப்ளீஸ் ஃபினிஷ் ஹிம் ஆஃப் குவிக்லி."

ஷரீபா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவள் இந்த வார்த்தையை வாழ்நாளில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். மண்ணடியில் வாத்தியார் கழுத்தறுத்தார், கல்யாண வீட்டில் சொந்தக்காரர் கழுத்தறுத்தார், கட்டிய புருஷன் தினமும் அறுக்கிறார். அந்த வார்த்தைக்குள் ஒரு கத்தி இருக்கிறது என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

மொழிபெயர்ப்புக்குக் கீழே யாரோ ஒருவர், "நான் இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். தேர்தலில் நிற்கப்போகிறவரைப் பற்றி, அப்துல் கனி என்ற பெயரில், இப்படி ஒரு வரி.

"ஜஸ்ட் டெலீட் இட், வாப்பா" என்றாள் ரிதா.

"டெலீட் பண்ணினா தப்பு செஞ்சவன் மாதிரி ஆயிடும்மா. அவன்தான் படம் எடுத்து வச்சிருக்கானே. நான் எக்ஸ்ப்ளெய்ன் பண்றேன்."

"வேணாங்க. நீங்க எக்ஸ்ப்ளெய்ன் பண்ணாதீங்க" என்று ஷரீபா கெஞ்சினாள். கேட்டால்தானே. கனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நல்ல இங்கிலீஷில், மரியாதையாக எழுதினார்: தப்பாக எண்ண வேண்டாம், எங்கள் கலாசாரத்தில் ஒருவர் நீளமாகப் பேசினால் கழுத்தை அறுப்பது என்று சொல்வோம்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. "அப்படியானால் உங்கள் கலாசாரத்தில் நீளமாகப் பேசுகிறவர்களின் கழுத்தை அறுப்பீர்களா?"

ரிதா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். கனி கம்ப்யூட்டரையே மூடினார்.

மறுநாள் காலை வக்கீல் யாமினிக்குப் போன் போட்டார்கள். சான்டா கிளாராவில் இருக்கும் தூரத்துப் பழக்கம். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவள் இரண்டு தடவை இருமினாள். லைனில் சிரிப்பை அடக்குகிறாளா, கவலைப்படுகிறாளா என்று ஷரீபாவுக்குப் புரியவில்லை.

"அங்கிள், நான் சொல்றத அப்படியே கேளுங்க. அவங்க இதப் பத்திக் கேட்டா உண்மையச் சொல்லுங்க. கேக்கலைன்னா நீங்களா வாயத் தொறக்காதீங்க. எஸ், நோ. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம். ஓகேவா?"

"எஸ்" என்றார் கனி.

அதற்குப் பிறகு அவர் பேசுவதை நிறுத்தினார்.

முதலில் ஷரீபா அதைக் கவனிக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது டி.வி.யில் ஒரு செனட்டர், நாட்டு மக்கள் நலனுக்காகத்தான் தான் கட்சி மாறியதாகச் சொன்னார். ஷரீபாவின் கை பழக்கதோஷத்தில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் போயிற்று. கனியிடமிருந்து சத்தமே இல்லை. ரசத்தை ஊற்றிக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை டி.வி.யையே போடவில்லை. சிட்டிசன்ஷிப் கேள்விப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, செனட்டர்கள் எத்தனை பேர், நீதிபதிகள் எத்தனை பேர் என்று முணுமுணுத்தார். நூறு செனட்டர்கள் என்று படித்தபோதுகூட, நூறு பேர் எதற்கு என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போகும்போது ரேடியோவில் ஒரு கருத்துக்கணிப்பு வந்தது. ஷரீபா வேண்டுமென்றே ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"நூத்துக்கு அறுவது பேராமே" என்று தூண்டில் போட்டாள்.

"ம்" என்றார் கனி. "இருக்கும்."

ஷரீபா ரேடியோவை அணைத்தாள். இருபத்தோரு வருஷத்தில் இந்த மனிதர் எதற்கும் 'இருக்கும்' என்று சொன்னதில்லை. வேலை போன வருஷத்திலும் பேசினார். கோவிட்டில் மூக்கடைத்துக் கிடந்தபோதும் கதவுக்குப் பின்னாலிருந்து கத்திப் பேசினார். வாயை மூடுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னவள்தான் அவள். மூடிய வாயைப் பார்க்கத் தாங்கவில்லை. இந்த நாடு எனக்குக் குடியுரிமையைக் கொடுத்துவிட்டு என் புருஷனின் நாக்கை வாங்கிக்கொண்டதா என்று ஆத்திரமாக வந்தது.

செவ்வாய்க்கிழமை ஷரீபாதான் கார் ஓட்டினாள். கனி கோட்டு போட்டுக்கொண்டு, மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். குடியேற்ற அலுவலகத்தில் செக்யூரிட்டியைத் தாண்டி, வரிசை வரிசையாக நாற்காலி போட்ட கூடத்தில் காத்திருந்தார்கள். ஒன்பது ஐம்பதுக்கு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அதிகாரி உள்கதவைத் திறந்து, "மிஸ்டர் கானி?" என்று கூப்பிட்டாள்.

"எஸ், நோ. அவ்வளவுதான்" என்று ஷரீபா மெதுவாக ஞாபகப்படுத்தினாள்.

"எஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷரீபாவின் இன்டர்வியூ இருபது நிமிஷத்தில் முடிந்திருந்தது. இருபது நிமிஷம் ஆயிற்று. முப்பது ஆயிற்று. இவருக்குப் பிறகு உள்ளே போன ஒரு பெரியவர் சிரித்த முகத்தோடு வெளியே வந்து, மகனைக் கட்டிக்கொண்டார். ஷரீபா தெரிந்த துஆவையெல்லாம் ஓதினாள். நாற்பத்தைந்தாவது நிமிஷம் உள்கதவு திறந்து அந்தப் பெண் அதிகாரி மட்டும் வேகமாக வெளியே வந்தாள். எதிர்ப்புற அறைக்குப் போய், கழுத்தில் அட்டை தொங்கும் ஓர் உயரமான ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள். கதவு மூடிக்கொண்டது.

மேலதிகாரியைக் கூட்டிப் போகிறாள் என்றால் என்ன அர்த்தம்? ஷரீபா எழுந்து நின்றாள். நின்றவளுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை.

யாரோ ஒருவரைக் கூப்பிடுவதற்காக அந்தக் கதவு மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில், உள்ளே எங்கிருந்தோ, அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல் கூடத்துக்கு வந்தது. இழுத்து இழுத்துப் பேசும், மூக்கடைத்த குரல். "கடைசியா ஒரே ஒரு விஷயம், நண்பர்களே..."

டென்னிஸ்.

கண்டுபிடித்துவிட்டார்கள். ஷரீபா முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். காக்காவுக்கு என்ன சொல்வது, ரிதாவின் காலேஜ் என்னாகும், இந்த மனிதரை எங்கே கொண்டுபோவார்கள் என்று வரிசையாக ஓடியது. யா அல்லாஹ், இவர் வாய்தான் அப்படி, மனசு பச்சைப் பிள்ளை என்று உனக்குத் தெரியும், இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று உள்ளுக்குள் அழுதாள்.

இன்னும் பத்து நிமிஷம் போயிற்று. கதவு திறந்தது. கனி வந்தார்.

கோட்டின் பொத்தான் கழன்றிருந்தது. முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. கையில் ஒரு தாள் இருந்தது. அதை நீட்டினார். வாங்கிப் படிக்க ஷரீபாவின் கண்ணாடி போதவில்லை, கண் நிறைந்து கிடந்தது.

"பாஸ்" என்றார் கனி. "அப்ரூவ் பண்ணிட்டாங்க."

ஷரீபா அந்தக் கூடத்தில், அத்தனை பேர் நடுவில், புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கூடத்தில் அது புதிதில்லை.

கார் நகர்ந்த பிறகுதான் கேட்டாள். "டென்னிஸ் கொரல் கேட்டிச்சே. அவங்களா கண்டுபிடிச்சாங்களா?"

கனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இல்ல. நான்தான் சொன்னேன்."

"நீங்களா!"

"கேளு ஷரீபா. எல்லாம் எஸ், நோன்னுதான் போச்சு. யாரையாவது கொன்னிருக்கியான்னு கேட்டா. நோ. யாரையாவது காயப்படுத்தியிருக்கியான்னு கேட்டா. நோன்னு சொல்லிட்டேன். அதோட நிக்காம, பட், அப்படின்னு வந்திருச்சு."

"பட்டா?"

"பட்டுன்னு வந்திருச்சு. அவ பேனா அப்படியே நின்னுபோச்சு. யாரையாவது காயப்படுத்தியிருக்கியாங்கற கேள்விக்கு 'பட்'டுன்னு பதில் சொன்னவன் இந்த ஆபீஸ்லயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்."

ஷரீபாவுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பட் சொல்லிவிட்ட பிறகு வேறு வழியில்லாமல் முழுக்கதையையும் சொன்னாராம். வாத்தியார் அறுப்பது, சொந்தக்காரர் அறுப்பது, வீட்டில் தானே அறுப்பது என்று உதாரணங்களோடு. அந்தப் பெண் சிரிக்கவே இல்லையாம். தன் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் தேடி எடுத்து, அவர் எழுதியதைப் படித்து, அதற்கு அவர் எழுதிய விளக்கத்தையும் படித்துவிட்டு, எழுந்துபோய் மேலதிகாரியைக் கூட்டிவந்தாளாம்.

"அவன் வந்து, அந்த வீடியோவப் போடுங்கன்னான். போட்டாங்க. மூணு பேரும் உக்காந்து பாத்தோம். ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். ஊறுகாய் பால் மட்டை எத்தன டெசிபல், பந்து எத்தன டெசிபல். மூணாவது நிமிஷம் இந்தம்மா கொட்டாவி விட்டா. அஞ்சாவது நிமிஷம் டென்னிஸ், கடைசியா ஒரே ஒரு விஷயம்னான். மேலதிகாரிக்கு என்னா சந்தோஷம்! இன்னும் எவ்வளவு இருக்குன்னு கீழ பாத்தான். ஒரு மணி முப்பத்தஞ்சு நிமிஷம் பாக்கி. ப்ளீஸ், நிறுத்துங்கன்னு கைய எடுத்துக் கும்பிடாத குறை. என்னப் பாத்து, மிஸ்டர் கானி, ஐ அண்டர்ஸ்டாண்ட்னான்."

ஷரீபா சிரித்தாள். நாலு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

"போகும்போது கேக்கறான், அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லுங்க, பதினோரு மணிக்கு எனக்கு ஒரு மீட்டிங் இருக்குன்னு. சொல்லிக் குடுத்தேன். கலுதருப்பு, கலுதருப்புன்னு சொல்லிக்கிட்டே போறான்."

கார் டோல்வேயில் ஏறியது. தலைக்கு மேலே கேமரா ஒரு மின்னல் அடித்தது. கனி நிமிர்ந்து உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்தார். ஷரீபா ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"பாத்தியா, இவனுக்கு மட்டும் ஷட்டவுனும் கெடையாது, ஒண்ணும் கெடையாது" என்று ஆரம்பித்தார். "அது போவட்டும். நூறு கேள்வி படிக்கச் சொல்லிட்டு எத்தனை கேட்டா தெரியுமா? ஆறு! செனட்டருங்க நூறு பேருன்னு நான் சொல்றேன், கரெக்ட்டுங்கறா. நூறு பேரும் எங்க, என்ன பண்றாங்கன்னு ஒருத்தரும் கேக்கமாட்டேங்கறாங்க. உறுதிமொழி எடுத்தப்புறம் இந்தப் பாஸ்போர்ட்டு எப்ப வரும்ங்கற? ஆறு வாரம்னு வெப்சைட்டுல போட்டிருக்கானாம். ஆறு வாரம்னு எழுதினவன் எந்த ஊர்ல இருக்கான்? வந்த மறுநாளே டிக்கெட்டப் போட்டு காக்கா முன்னால போய் நிக்கணும். அந்த ஆளு என்னப் பாத்ததும் மொதல்ல என்ன கேப்பான், சொல்லு? எப்படா திரும்பிப் போறன்னு கேப்பான்..."

பேச்சு அமெரிக்கத் தபால் துறைக்குப் போய், அங்கிருந்து விமான டிக்கெட்டுக்குப் போய், துபாயில் எட்டு மணி நேரம் உட்கார வைப்பவர்களுக்குப் போயிற்று. வீட்டுக்கு இறங்க வேண்டிய லெகசி எக்ஸிட் வந்தது. ஷரீபா இண்டிகேட்டர் போடவில்லை. நேராக ஓட்டினாள்.

கனி நாலு வாக்கியம் தாண்டித்தான் கவனித்தார். "எக்ஸிட்டு போயிருச்சு ஷரீபா!"

"போவட்டும்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "ரொம்பக் கழுத்தறுக்கிறேனோ?"

ஷரீபா கையை நீட்டி ஏசியைக் குறைத்தாள்.

"அறுங்க" என்றாள்.